எந்த போஸ்கோலோ?

மான்தோவாவுக்குப் போகிற வாரம் நீவெஸுக்கு முட்டி வலிக்கும். ஃபெர்ராராவுக்குப் போகிற வாரம் தலை சுற்றும். கியோஜ்ஜாவுக்குப் போகிற வாரம் மட்டும் அந்த அம்மாளுக்கு ஒரு நோயும் கிடையாது. வண்டி வருவதற்கு முன்பே உதட்டில் சாயம் பூசிக்கொண்டு மொன்செலிச்சே ரயிலடியில் வந்து நின்றுவிடுவாள்.

வண்டி இவானோவுடையது. ஊரில் வேலை ஓய்ந்து வீட்டில் இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு செவ்வாய்தோறும் கிளம்புவான். ஒரு வாரம் கோட்டையும் கோபுரமுமாக ஏதாவது பழைய நகரம், மறுவாரம் கடலோரக் கியோஜ்ஜா. காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம். துணிமணி கட்ட வேண்டாம், பூனையை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

“கோட்டைன்னா மடங்க மாட்டேங்குது, படகுன்னா மட்டும் துள்ளிக் குதிக்குது. நல்ல முட்டிடி உனக்கு,” என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த ஓர்னெல்லா. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் நீவெஸோடு சேர்ந்து வெங்காயம் உரித்தவள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

“கடல் காத்து முட்டிக்கு நல்லதாம். டாக்டர் சொன்னாரு.”

“அந்த டாக்டர் பேரு ரெனாட்டோவா?”

முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த இவானோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். “விடுங்க ஓர்னெல்லாக்கா. முகத்தப் பாருங்க, தக்காளி மாதிரி ஆயிடுச்சு.”

“நீ ரோட்டப் பாத்து ஓட்டுடா,” என்றாள் நீவெஸ்.

ரெனாட்டோ டாக்டர் இல்லை. கியோஜ்ஜாவிலிருந்து பெல்லெஸ்த்ரீனா தீவுக்குப் போகும் படகில் கயிறு கட்டுகிறவர். துறை வந்ததும் கயிற்றை வீசிக் கட்டிவிட்டு, இறங்குகிறவர்களுக்குக் கை கொடுப்பார். மற்றவர்களுக்குக் கொடுத்த கையை உடனே எடுத்துவிடுவார். நீவெஸுக்குக் கொடுத்த கையை எடுக்கக் கொஞ்சம் நேரமாகும். இப்படித்தான் போன வசந்தத்தில் தொடங்கியது. படகு தண்ணீரில் போகிற நேரமெல்லாம் அவர் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு அவளோடு பேசுவார். மனைவி மக்கள் இல்லை, ஒரு அக்கா உண்டு, எப்போதும் ஈரமாக இருக்கிற ஒரு நாய் உண்டு. அவள் புருஷனைப் பறிகொடுத்தவள் என்பதும், மகன் வெரோனாவில் இருக்கிறான் என்பதும் அவருக்குத் தெரியும். இத்தனை பழகியும் ‘நீங்க’ என்பதைத் தாண்டவில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் சொல்ல மறுத்தார். கியோஜ்ஜாவில் கல்லெறிந்தால் ஒரு போஸ்கோலோ தலையில்தான் விழும். ஊரில் எங்கே பார்த்தாலும் அதே குடும்பப் பெயர்; ரெனாட்டோவும் ஒரு போஸ்கோலோதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, முதல் பெயரும் திரும்பத் திரும்ப வரும். அதனால் குடும்பத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வாய்வார்த்தை இல்லை, அரசாங்க அடையாள அட்டையிலேயே அதுவும் சேர்த்து அச்சாகியிருக்கும். “உங்க பட்டப்பெயர் என்ன?” என்று நீவெஸ் கேட்டபோதெல்லாம் ரெனாட்டோ கழுத்து வரை சிவந்தார். “அடுத்த தடவை சொல்றேன்,” என்று கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார்.

போன பயணத்தில், திரும்பி வரும் படகில், அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அடுத்த தடவை வண்டிய விட்ருங்க. அக்கா வீட்டுல மதியம் சாப்பிடலாம். சாயங்காலம் நானே உங்க ஊர்ல கொண்டு வந்து விடுறேன்.”

அக்கா வீட்டுச் சாப்பாடு என்றால் என்ன என்று நீவெஸுக்குத் தெரியாதா? ‘இவங்க எனக்கு வேண்டியவங்க’ என்று ஊரறியச் சொல்வதுதான் அது. “பாப்போம்,” என்றாள். தொலைபேசி எண் கேட்டார். அதற்கும் “பாப்போம்,” என்றாள். மகன் என்ன நினைப்பான், ஊர் என்ன பேசும் என்று ஆயிரம் யோசனை. அதைவிட ஒரு பயம்: ஒருவரை மண்ணுக்குள் வைத்தாகிவிட்டது, இன்னொரு முறை அந்தப் பாடு தன்னால் முடியாது. பதினைந்து நாளாக அப்படியும் இப்படியுமாகப் புரண்டு, நேற்றுத்தான் ஒரு முடிவுக்கு வந்தாள். சாப்பிடப் போவது என்று.

கியோஜ்ஜாவில் இறங்கி, படகுத்துறைக்குப் போகும் பெரிய வீதியில் நடந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நீவெஸ் ஒரு சுவரருகே சட்டென்று நின்றாள். அங்கே வழக்கம்போல் சாவு அறிவிப்புகள் ஒட்டியிருந்தன. யாருடைய சாவாக இருந்தாலும் நின்று படித்துவிட்டுப் போவது அந்தப் பக்கத்து மனிதர்களின் பழக்கம். கறுப்புக் கரையிட்ட புதிய தாளில் மாதா படம் மட்டும் இருந்தது, செத்தவர் படம் இல்லை.

‘போஸ்கோலோ சூபா ரெனாட்டோ. வயது அறுபத்தைந்து. அடக்கப் பூசை இன்று காலை பதினொரு மணிக்கு.’

நடுவில் இருந்த சூபாதான் பட்டப்பெயர்; அவர்கள் பேச்சில் சூபா என்றால் சூப். நீவெஸ் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சூப்பா? இதுக்கா இத்தனை வெட்கம்? அடுத்த தடவை சொல்கிறேன் என்றாரே, கடைசியில் சுவரல்லவா சொல்லிவிட்டது! சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். ஓர்னெல்லா அவள் கக்கத்தில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

“இருடி, இரு. இந்த ஊர்ல எத்தனை ரெனாட்டோ இருக்கானோ. துறைக்குப் போய்க் கேட்டுட்டு அப்புறம் அழு.”

துறையில் கயிற்றோடு நின்றது வேறொரு ஆள். தடித்த, தாடி வைத்த மனிதர். ஓர்னெல்லாதான் கேட்டாள். “ரெனாட்டோ இல்லையா?”

அந்த ஆள் தொப்பியைக் கழற்றினார். “இல்லம்மா. இன்னிக்கு கோயில்ல இருக்காரு. பதினோரு மணிக்கு அடக்கம். அவருக்குப் பதிலாத்தான் நான் வந்திருக்கேன்.”

அதற்கு மேல் என்ன கேட்பது? ஓர்னெல்லா மற்றவர்களைப் படகில் போகச் சொல்லிவிட்டு, கால்வாய் ஓரத்துப் பூக்கடையில் வெள்ளைப் பூக்கள் வாங்கி நீவெஸின் கையில் கொடுத்தாள்.

கோயில் முற்றத்தில் ஆண்கள் கும்பலாக நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடக்கப் பூசை முடிகிற வரை அவர்களில் பாதிப்பேர் உள்ளே தலைகாட்ட மாட்டார்கள். நீவெஸ் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பக்கவாசல் வழியாக உள்ளே போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நடுவில் பெட்டி இருந்தது. பாதிரியார் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. பாப்போம், பாப்போம் என்று சொன்ன வாயைக் கிள்ள வேண்டும்போல் இருந்தது. ஒரு வாய்ச் சோறு சாப்பிடத்தானே கூப்பிட்டார் மனுஷர். சரி என்று சொல்லியிருந்தால் இந்தப் பதினைந்து நாளாவது சந்தோஷமாக இருந்திருப்பார். அவள் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு சத்தத்தோடு அழுதாள். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் வரிசையில் கறுப்பு உடுத்திய ஒருத்தி எழுந்து பெட்டியின் மேல் கை வைத்தாள். இரண்டு பக்கமும் இரண்டு மகள்கள் அவளைத் தாங்கினார்கள்.

நீவெஸின் அழுகை நின்றுவிட்டது. “பொண்டாட்டி,” என்றாள் மெதுவாக. “ஓர்னெல்லா, அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இருக்கா. ரெண்டு பொண்ணு வேற!”

“வாடி, போயிடலாம். இங்க இருக்க வேணாம்.”

“அக்காவாம், ஈர நாயாம்! என்னமா அளந்தான் பாவி!” அவள் மூக்கைச் சிந்தினாள். துக்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். எதை முதலில் விழுங்குவது என்று தெரியவில்லை. “நான் போக மாட்டேன். அவ முகத்த ஒரு தடவை பாத்துட்டுத்தான் வருவேன்.”

பூசை முடிந்ததும் எல்லோரும் வரிசையாகப் போய் அந்த விதவையின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொன்னார்கள். நீவெஸும் பூவோடு வரிசையில் நின்றாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. முறை வந்தது. ஃபெர்னாண்டா என்ற அந்தப் பெண் அழுது சிவந்த கண்ணோடு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பூசை முழுக்க நீங்க அழுதது முன்னாடி வரைக்கும் கேட்டுச்சு. எம் மகளுங்ககூட அப்படி அழல. நீங்க யாரும்மா?”

“படகுல... பழக்கம்,” என்றாள் நீவெஸ். அந்த முகத்தைப் பார்த்ததும் ஆத்திரமெல்லாம் எங்கோ போய்விட்டது. “கை கொடுத்து இறக்கிவிடுவாரு. அவ்வளவுதான். நல்ல மனுஷர்.”

“படகுலயா?” ஃபெர்னாண்டா மகள்களைப் பார்த்தாள். “எம் புருஷனா? பாலத்து மேல நின்னு தண்ணியப் பாத்தாலே அவருக்குக் குமட்டும். ஆயுசுக்கும் முடிவெட்டிட்டுக் கடையிலேயே கிடந்தாரு.” சற்று நிதானித்தாள். “நீங்க எந்த ரெனாட்டோவுக்கு வந்தீங்க?”

“போஸ்கோலோ ரெனாட்டோ.”

“எந்த போஸ்கோலோ?”

சுவரில் படித்த சூப்பைத் தவிர நீவெஸிடம் வேறு பதில் இல்லை. பெட்டிக்குள் இருப்பவர்தான் சூப் என்றால், தன்னுடைய ரெனாட்டோ யார்? பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“பெல்லெஸ்த்ரீனா படகுல... கயிறு கட்டுவாரே,” என்றாள் குழறிக்கொண்டு.

ஃபெர்னாண்டாவின் முகம் மாறியது. உதடு துடித்தது. கையால் வாயைப் பொத்தினாள். புருஷனின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்கக் கூடாது என்று அவள் படாத பாடு பட்டாள், முடியவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. நீவெஸின் கையைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துப் போனாள். முற்றத்துக் கும்பலைப் பார்த்து, கியோஜ்ஜாப் பெண்களுக்கே உரிய பெரிய தொண்டையில் கூப்பிட்டாள்.

“டேய் மேசோகோத்தோ! இங்க வாடா! உன் சாவுக்கு ஆள் வந்திருக்கு!”

மேசோகோத்தோ என்றால் அரைவேக்காடு. எந்தக் காலத்திலோ ஒரு கொள்ளுத்தாத்தா சோளக்களியைப் பாதி வெந்தும் வேகாமலும் இறக்கிப் பந்தியில் வைத்தாராம். அதிலிருந்து வம்சத்துக்கே அந்தப் பெயர்.

கும்பல் விலகியது. கறுப்புக் கோட்டில், படகுத் தொப்பி இல்லாத வழுக்கைத் தலையோடு, சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தபடி ரெனாட்டோ வந்தார். நீவெஸைப் பார்த்தார். வீங்கிய கண்ணைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். அவருக்கு மெல்லத்தான் விளங்கியது.

“எனக்கா அழுதீங்க?”

“வேற யாருக்கு? மடையா!” நீவெஸ் வெடித்தாள். “ஒரு பேரச் சொல்றதுக்கு என்ன வந்துச்சு உனக்கு? அரைவேக்காடுன்னா அரைவேக்காடுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே! அந்தச் சுவத்தப் பாத்ததுல இருந்து நான் செத்துட்டேன்!”

“சிரிப்பீங்களோன்னு...” என்றார் ரெனாட்டோ.

“இப்ப சிரிக்கிறேனா பாரு!”

அவள் முதல்முறையாகத் தன்னை ‘நீ’ என்று சொன்னதை அவர் கவனித்துவிட்டார். முற்றத்தில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் கவனித்தார்கள். ஒருவர் இருமினார். ரெனாட்டோவின் கழுத்து சிவந்தது.

“அக்கா வீட்டுல இன்னிக்கு அடுப்பு எரியல,” என்றார் தாழ்ந்த குரலில். “இவரு எங்க சின்ன வயசுக் கூட்டாளி. எல்லாருக்கும் துக்க வீட்டுலதான் சாப்பாடு. அதனால இன்னிக்கு...”

“நீ அங்கதானே சாப்பிடுவ?”

“ஆமா.”

“அப்ப நானும் அங்க வர்றேன்,” என்று சொல்லிவிட்டு, கேட்காமல் சொல்லிவிட்டோமே என்று நீவெஸ் ஃபெர்னாண்டாவைப் பார்த்தாள்.

“வரலேன்னா விடமாட்டேன்,” என்றாள் ஃபெர்னாண்டா, கண்ணைத் துடைத்தபடி. “இவரு போனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் சிரிச்சேன். உயிரோட இருந்திருந்தா இதக் கடையில வந்தவங்க எல்லாருக்கும் சொல்லிச் சொல்லியே மாஞ்சிருப்பாரு எம் மனுஷன்.”

ஓர்னெல்லா தோழியின் காதருகே குனிந்தாள். “இவானோகிட்ட நான் சொல்லிக்கிறேன். உன் முட்டிய இங்கேயே விட்டுட்டோம்னு.”

பெட்டி வெளியே வந்தது. முடிவெட்டுகிறவரை நான்கு பேர் தோளில் சுமந்தார்கள். நீவெஸ் தன் வெள்ளைப் பூக்களை மற்றப் பூக்களோடு பெட்டியின் மேல் வைத்தாள். ஊர்வலம் நகர்ந்தது. ரெனாட்டோ முழங்கையை மடக்கி நீட்டினார். நீவெஸ் அதைப் பிடித்துக்கொண்டாள். சவ ஊர்வலத்தில் கை கோத்து நடப்பவர்கள் ஒரு வீட்டார் என்றுதான் அர்த்தம். சன்னல்களில் நின்று பார்த்த கியோஜ்ஜாப் பெண்கள் அந்த அர்த்தத்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை.

கோட்டுத் துணிக்குள் அவர் கை சூடாக இருந்தது. பெரிய வீதியில் பாதி தூரம் போன பிறகு, அவள் அந்தச் சூட்டை விடாமல் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். மகள்கள் இருபுறமும் இருந்தாலும், ஃபெர்னாண்டாவின் வலது கை யாருடைய கையையும் பிடிக்காமல், புருஷனின் முழங்கை இருந்து பழகிய இடத்தில் மடங்கியே இருந்தது. அப்போதுதான் நீவெஸ், தான் ஒருநாளும் பார்த்திராத அந்த இன்னொரு ரெனாட்டோவுக்காக அழத் தொடங்கினாள்.