ட்யூடுக்கு வைத்த பொறி

எங்கள் அலுவலகம் ஆங்கிலக் கொச்சைச் சொற்களுக்கு அகராதி போடுகிறது. நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதுவதெல்லாம், எங்கள் புத்தகம் வருமுன்பே எதிர்க் கம்பெனியின் செயலியில் வந்துவிடும். திருடுவது மெய்ப்புப் பார்க்கும் அக்காதான் என்று ஆசிரியர் முடிவுகட்டிவிட்டார். ஆதாரம் ஒன்றுமில்லை, அமுக்கமாக இருக்கிறாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்களை அனுப்பாதீங்க சார். ஆள் யாருன்னு நான் பிடிச்சுத் தர்றேன்" என்றேன்.

அகராதிக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. காப்பியடிப்பவனைப் பிடிக்க, நிஜத்துக்கு நடுவே ஒரு பொய்யைச் செருகி வைப்போம். அப்போது என் மேசையில் இருந்த சொல் 'ட்யூட்'. ஒரு காலத்தில் மினுக்கிக்கொண்டு திரிந்த ஆண்களைக் கிண்டல் செய்த சொல். பிறகு பண்ணையை வேடிக்கை பார்க்க வந்த பட்டணத்துக்காரனைக் குறித்தது. இன்றைக்கு நண்பனைக் கூப்பிடவும் அதுதான், வாய்பிளக்கவும் அதுதான், சலித்துக்கொள்ளவும் அதுதான். எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் இன்னும் இழுபறி. அங்கேதான் ஆளுக்கொரு பொய்யை வைத்தேன். அக்காவின் பிரதியில் அது ஒரு தையல்காரரின் பெயர். பக்கம் வடிவமைப்பவரின் பிரதியில் ஒரு தொப்பிக் கடை. ஆசிரியருக்கே ஒரு நாடகக் கோமாளி.

வீட்டில் சாப்பிடும்போது என் கணவர் தினமும், "இன்னைக்கு என்ன வார்த்தை?" என்று கேட்பார். இவ்வளவு அக்கறை யாருக்கு வாய்க்கும் என்று எனக்குப் பெருமை வேறு. அன்று விளையாட்டாக, யாருக்கும் கொடுக்காத ஒரு புளுகை அவிழ்த்துவிட்டேன்: குதிரை வியாபாரி ஒருவனின் செல்லப்பெயர். ரசித்துச் சிரித்தார்.

அடுத்த வாரம் எதிர்க் கம்பெனியின் செயலியில் குதிரை வியாபாரி வந்து நின்றான்.

ஆசிரியர் மூன்று பிரதிகளையும் புரட்டினார். "இது எதுலயும் இல்லையே. உங்க பொறி வேலைக்காகல. அந்தம்மாவை அனுப்பிடுறேன்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அக்கா சிவப்புப் பேனாவோடு குனிந்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டால் போதும்.

"வேண்டாம் சார். அதை நான் என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

அக்காவின் வேலை தப்பியது, என்னுடையது போனது. வீட்டுக்கு வந்து கேட்டேன். கணவர் மறுக்கவில்லை. அந்தக் கம்பெனியில் அவருக்கு வேலை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். தலைகுனிவார் என்று நினைத்தேன், கோபப்பட்டார்.

"உனக்கு அறிவிருக்கா? அந்தம்மா மேல ஏற்கெனவே சந்தேகம் இருந்துச்சுல்ல? சும்மா இருந்திருந்தா எல்லாம் அவ தலையில விழுந்திருக்கும்!"