காப்பாற்றப்பட்ட ஜெபராணி

தன்னைக் காப்பாற்றிவிட்டார்கள் என்ற செய்தியை ஜெபராணி மாடி அறையில் இடுப்பளவு வெள்ளத்தில் நின்றபடி டிவியில் பார்த்தாள். ஊரெல்லாம் கரண்ட் இல்லை. டிவி மட்டும் ஓடியது. செய்திச் சேனல் அப்படித்தான்.

டிவியில் அவள் படகில் உட்கார்ந்து எல்லோரையும் கும்பிட்டாள். பச்சைப் புடவை. அவளிடம் பச்சையே கிடையாது. மூலையில் ‘நன்றி: சமூக வலைதளம்’ என்று போட்டிருந்தது.

தெருவின் வாட்ஸப் குரூப்பைத் திறந்தாள். அதே வீடியோ. கீழே, ‘டிவியிலேயே சொல்லியாச்சு, உறுதியான தகவல்.’ நல்ல கூத்து! சேனல் குரூப்பைப் பார்த்துச் சொல்கிறது, குரூப் சேனலைப் பார்த்து நம்புகிறது. தண்ணீர் அது பாட்டுக்கு ஏறுகிறது.

‘நான் இன்னும் மாடி ரூம்லதான் இருக்கேன்’ என்று போட்டாள். குரூப் அட்மின் கனகசிங் உடனே அதை அழித்தார். ‘இந்த நேரத்தில் வதந்தி வேண்டாம் சகோதரி.’

சேனலுக்குப் போன் போட்டுப் பெயரைச் சொன்னாள்.

“முகாம்லேர்ந்து பேசுறீங்களா?” என்றது ஒரு பெண் குரல்.

“வீட்டுலேர்ந்து. தண்ணி ஏறுது. படகு அனுப்பச் சொல்லுங்க.”

“முதல்ல குரூப்ல வரட்டும்மா.”

“நீங்க சொன்னாத்தான் குரூப்ல போடுவாவளாம்.”

“சரிபார்க்காம நாங்க எப்படிம்மா சொல்ல முடியும்?”

படகு அதுவாகவே வந்து பால்கனியை ஒட்டி நின்றது. அதில் இரண்டு பேர். ஒருவன் செல்போனையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அச்சு அசல் அந்தக்கா மாதிரியே இருக்கியளே!”

“அந்தக்கா நான்தாம்யா! ஏத்துங்கய்யா, புண்ணியமாப் போகும்.”

“அவங்க முகாம்ல உப்புமா சாப்பிடுதாவ. லைவ்ல பார்த்துட்டுத்தான் வாரோம். காப்பாத்துனவங்களையே திரும்பக் காப்பாத்தினா மத்தவங்க என்ன செய்வாவ?”

மனசு கேட்காமல் அவளை ஒரு வீடியோ மட்டும் எடுத்தார்கள். “போட்டுவிடுதோம். டிவியில வந்ததும் ஓடி வந்துருதோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

வீடியோ டிவியில் வந்தது. அதன் மேல் குறுக்காக ‘பொய்’ என்று சிவப்பு முத்திரை விழுந்தது. பால்கனிக் கதவிலும் விழுந்தது. ஆள் உயரச் சிவப்பு எழுத்துகள். ஜெபராணி தோளைக் கொடுத்துத் தள்ளினாள். தேக்குக் கட்டை மாதிரி அசையாமல் நின்றன. தண்ணீருக்கு மட்டும் இடுக்கில் வழி இருந்தது.

மஸ்கட்டில் இருக்கும் மகள் ஷைனியை அழைத்தாள். பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா என்ன!

“ஷைனி, அம்மா பேசுதேன். வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்.”

“யாருங்க நீங்க? எங்கம்மா லேப்டாப்ல என்கூடப் பேசிட்டு இருக்காங்க. அவங்க போன் வெள்ளத்துல போயிட்டு. அதை எடுத்து வச்சுக்கிட்டு விளையாடுதீங்களா?”

பின்னால் இன்னொரு குரல் கேட்டது. “யாரு பாப்பு போன்ல?”

ஜெபராணியின் குரல்தான். ஷைனியைப் பாப்பு என்று கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

ஷைனி உடைந்து அழுதாள். “ஏங்க இப்படிப் பண்ணுதீங்க? நேத்துலேர்ந்து செத்துச் செத்துப் பிழைச்சேன். அம்மா முகத்தைப் பார்த்தப்புறம்தான் மூச்சே வந்துச்சு.”

தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. ஜெபராணி போனைக் கன்னத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியாம அடிச்சிட்டேன் தாயி,” என்றாள். “நீ அழாத. அம்மாகிட்டப் பேசு.”