எண்ணும் நாளில் பீட்சா

மாநில அரசு கல்லூரிக்குப் பணம் தருவது தலைக்கணக்கில். செப்டம்பரில் ஒரு நாளைக் குறித்து, அன்று வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணுவார்கள். மறுநாள் அவர்கள் எங்கே போனாலும் கேட்பாரில்லை. வெல்டிங் பிரிவுக்கு அந்தக் கவலை கிடையாது. டிராக்டர் கம்பெனி ஒன்று புதுக் கூடமே கட்டிக் கொடுத்திருந்தது. அறவியலுக்குக் கூடம் கட்ட அயோவாவில் எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. பன்னிரண்டு பேர் தேறாவிட்டால் பாடம் போய்விடும். பாடம் போனால் அதை நடத்தும் ஆர்லீனும் போக வேண்டியதுதான்.

ஆகவே எண்ணும் நாளன்று ஆர்லீன் பீட்சா வாங்கி வைத்தாள். சரியாகப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பாதிப் பேரின் முகத்தை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அன்றைய பாடம் லஞ்சம். பாடத்திட்டத்தைக் கோடையிலேயே போட்டுவிட்டாள், தேதியைக் கவனிக்கவில்லை.

வெல்டிங் படிக்கும் வெர்ன், பீட்சாத் துண்டை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினான்.

"மிஸ், இது என்ன?"

"பெப்பரோனி."

"அது தெரியுது. லஞ்சமா இல்லையான்னு கேக்குறேன்."

"பேசாம தின்னுடா, ஆறிடப் போகுது," என்றாள் பின்வரிசை ட்ரூடி.

"நான் பீட்சாவுக்காகத்தான் வந்தேன். என்னை எண்ணினா அது பொய்க் கணக்கு. நீங்க குடுத்த புத்தகத்துலதான் மிஸ் போட்டிருக்கு."

"படிச்சியா?" என்றாள் ஆர்லீன். இதுவரை யாரும் படித்ததில்லை.

"மழை பெஞ்சுது மிஸ். வேற வேலை இல்ல."

துண்டைப் பெட்டியில் வைத்துவிட்டு வெர்ன் வெளியே போய் நின்றான். அதே நேரம் பார்த்து டீன் ஹாஸ்கெல் அம்மாள் பென்சிலோடு வந்தாள். ஒரு துண்டை எடுத்துக் கடித்தபடி எண்ணினாள்.

"பதினொண்ணு."

"ஒருத்தன் வாசல்ல நிக்கிறான் மேடம்."

"வாசலுக்கு அரசாங்கம் காசு தராது ஆர்லீன்."

ஆர்லீன் வாசலுக்கு ஓடினாள். "உள்ள வாப்பா."

"பீட்சாவை வெளிய வையுங்க, வரேன்."

பெட்டிகளை வெளியே வைத்தாள். வெர்ன் உள்ளே வந்தான். பெட்டிகளின் பின்னாலேயே நான்கு பேர் வெளியே போனார்கள்.

"எட்டு," என்றாள் டீன், மென்றுகொண்டே.

"மேடம்," என்றான் வெர்ன், "எண்ணுறவங்க சாப்பிடலாமா?"

டீனின் தாடை நின்றது. கையிலிருந்த மிச்சத்தை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"கணக்கு அனுப்ப நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரமிருக்கு," என்றாள் கடைசியில். "நாளைக்கு வரேன். யாரும் ஒண்ணும் வாங்கித் தரக் கூடாது."

மறுநாள் ஆர்லீன் வெறுங்கையோடு வந்தாள். நடைவழியிலேயே சத்தம் கேட்டது. பன்னிரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். நடுமேசையில் ஒரு தட்டு நிறைய இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள்.

"நானே சுட்டேன்," என்றான் வெர்ன். "எனக்கு இதுல ஆதாயம் இல்ல. அதனால லஞ்சம் இல்ல."

"மிஸ்ஸுக்கு ஆதாயம் இருக்கே," என்றாள் ட்ரூடி. "நேத்து உன்னால நடைவழியில நின்னு ஆறினதைத் தின்னேன். இன்னிக்கு உன்னை விடறதா இல்ல."

ஆளாளுக்குக் கத்தினார்கள். டீன் வாசற்படியைத் தாண்டவில்லை. வாசனை ஏறாதபடி மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கிருந்தே பென்சிலால் எண்ணினாள்.

"பன்னிரண்டு. எழுதியாச்சு." கையை மூக்கிலிருந்து எடுத்தாள். "இப்ப ஒண்ணு எடுத்துக்கலாமா?"

"அதைத்தான் மேடம் பேசிக்கிட்டிருக்கோம்," என்றான் வெர்ன். "உக்காருங்க."