ஒளித்து வைத்த டேட்டாபேஸ்

காலை பதினொரு மணிக்குள் நாற்பது ரத்த வங்கிகளிலிருந்தும் ஒரே பதில் வந்துவிட்டது: பேட்ச் போட்டோம், ஆபத்து எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. முதலாளி நிம்மதியாக டீ குடித்தார். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. நாற்பதில் ஒன்றில்கூட ஓட்டை இல்லையா? அதுவும் நான் எழுதிய சாஃப்ட்வேரிலா?

எங்கள் ரத்த வங்கி சாஃப்ட்வேரை ஏற்றினால், கூடவே இன்னொரு கம்பெனியின் டேட்டாபேஸும் சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அதில் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக ஒரு வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் அழிக்கிறது என்று அந்தக் கம்பெனி நேற்று அறிவித்து, அடைக்க ஒரு பேட்சும் கொடுத்தது. அதை அப்படியே எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால், வாடிக்கையாளர்கள் கையை வைத்துக் கெடுக்கிறார்களே என்ற கடுப்பில், டேட்டாபேஸை வேறு பெயரில் வேறு மூலையில் நானே ஒளித்து வைத்திருந்தேன். என் புத்தியை மெச்சிக்கொண்டது வேறு. பேட்ச் வழக்கமான இடத்தில் தேடி, எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. வைரஸுக்குப் பெயர் தேவையில்லை, ஓட்டை போதும்.

"அந்தக் கம்பெனி பேட்ச் சரியில்லன்னு எழுதிடலாம்," என்றார் முதலாளி.

நான் காதில் வாங்காமல் அக்காவுக்குப் போன் செய்தேன். அந்த நாற்பதில் ஒன்றான ஒரு மருத்துவமனை ரத்த வங்கியில் அவள் டெக்னீஷியன்.

"நேரம் பாத்துப் பண்ற பாரு. தியேட்டர்ல ஆபரேஷன் நடக்குது. வார்டு கம்ப்யூட்டர் எல்லாம் இப்பதான் ஒண்ணொண்ணா படுத்துடுச்சு."

"அக்கா, உன் கம்ப்யூட்டர்ல நெட்வொர்க் கேபிளைக் கழட்டு. இப்பவே."

"கழட்டினா தியேட்டருக்கு எப்படிடி விவரம் போகும்?"

"கால் எதுக்கு இருக்கு? எழுதி எடுத்துட்டு ஓடு. வைரஸ் உள்ள வந்துட்டா எந்த ரத்தப் பை யாருக்குன்னு உனக்கே தெரியாது."

"ஆபத்து இல்லன்னு வந்துச்சே?"

"அது தப்புக்கா. கழட்டு!"

நாற்காலி நகரும் சத்தம். என் உயிர் என்னிடம் இல்லை.

"கழட்டிட்டேன். இரு, பாக்கறேன்... லிஸ்ட் இருக்கு. எல்லாப் பையும் இருக்கு."

"பேட்சைத் திரும்ப ஓட்டு. எங்க தேடணும்னு ஒரு கட்டம் இருக்கும், காலைல காலியா விட்டிருப்ப. அதுல பேரைக் கையால அடிக்கணும்."

"என்ன பேரு?"

"குண்டம்மா."

சின்ன வயதில் நான் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். அவள் எழுத்து எழுத்தாகத் தட்டுவது கேட்டது.

"ஓட்டை இருந்துச்சாம், அடைச்சாச்சாம். இதை யாருடி என் பேர்ல ஒளிச்சு வச்சது?"

"நான்தான்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மீதி முப்பத்தொம்பது இடத்துலயும் இதே பேரா?"

"ஆமா."

பக்கத்தில் முதலாளி, 'அந்தக் கம்பெனியின் கவனக்குறைவால்' என்று கடிதத்தை ஆரம்பித்திருந்தார்.

"அப்ப சொல்லு. என் பேரையும் சொல்லு, உன் பேரையும் சொல்லு. நான் தியேட்டருக்கு ஓடணும்," என்று வைத்துவிட்டாள்.

நான் பட்டியலை இழுத்து முதல் எண்ணை அழுத்தினேன். முதலாளி நிமிர்ந்து என்னை முறைத்தார்.

"ரத்த வங்கிங்களா? காலைல ஆபத்து இல்லன்னு வந்துச்சுல்ல, அது தப்புங்க. என் தப்பு. முதல்ல கேபிளைக் கழட்டுங்க."