மூன்று பூச்சு வர்ணம்

வேதநாயகம் வானத்தில் பறக்கப் போகிறார் என்று பாளையங்கோட்டை முழுக்கச் சொல்லித் திரிந்தது வேறு யாருமில்லை, வேதநாயகமேதான். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. 1913-ஆம் வருஷம் சீமைப் பத்திரிகை ஒன்றில் விமானத்தின் படத்தைப் பார்த்தவர், அன்றைக்கே மூங்கிலுக்கு ஆள் அனுப்பிவிட்டார். இயந்திரம் வாங்க வழியில்லை. அதனால் மோட்டார் காரில் கயிறு கட்டி இழுத்தால் பட்டம் போல ஏறி, கயிற்றை விட்டதும் மிதந்து இறங்கும்படி ஒன்றைக் கட்டினார்.

துணி போர்த்தித் தைக்கும் வேலை ஹெப்சிபாவின் தலையில் விழுந்தது. அவருடைய மனைவி சாரம்மாளின் தங்கை அவள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தாள். ஊரில் பாதிப் பேர் முட்டாள்கள் என்பது அவள் தீர்மானம். அத்தானை அந்தப் பாதிக்குத் தலைவராகவே வைத்திருந்தாள்.

ஆடி மாதம் மேல்காற்று வீசியபோது, வீட்டுக்குப் பின்னாலிருந்த தரிசில் விமானத்தை முளையடித்துக் கட்டிக் காற்றுக்கு எதிராக நிறுத்தினார்கள். வாலின் கடைசியில் மூங்கில் சட்டத்தில் துணி போர்த்திய தட்டி ஒன்று கீல் வைத்து மாட்டியிருந்தது. அது மேலும் கீழும் திரும்பினால்தான் விமானம் ஏறும், இறங்கும். காற்று வலுத்ததும் தட்டி நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் படபடவென்று அடிப்பாக மாறி, கண்ணை மூடித் திறப்பதற்குள் தட்டி கீலோடு பிய்ந்து பறந்தது.

"தையல் சரியில்ல" என்றார் வேதநாயகம், பத்துப் பேர் காதில் விழ.

 ஹெப்சிபா தட்டியைத் தூக்கி வந்து, அதன் கீல் கம்பியை இரண்டு நாற்காலிகளின் மேல் தாங்க வைத்தாள். பின்பக்கம் தொப்பென்று கீழே தொங்கியது.

"பாத்தியளா அத்தான்? ஒரு தையலும் விடல. கனம் பூராவும் கீலுக்குப் பின்னால கெடக்கு. காத்து வால அசைச்சா இது பிந்தி வந்து அடிக்கி. கீலுக்கு முன்னால கனம் வைக்கணும்."

"நான் கனத்தக் குறைக்க மூங்கிலச் சீவுதேன், நீ கூட்டச் சொல்லுதியாக்கும்! போளா, போயி ஊசியக் கோரு."

அவர் கச்சேரிக்குப் போகும்வரை காத்திருந்தாள். மணப்பாட்டிலிருந்து கருவாடு கொண்டுவரும் மரியம்மாளிடம் வலையில் கட்டும் ஈயக் குண்டுகள் வாங்கினாள். கீலுக்கு முன்னால் ஒரு சாண் கம்பு நீட்டி, குண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்த்தாள். ஏழாவது குண்டில் தட்டி எந்தப் பக்கமும் சாயாமல் மட்டமாக நின்றது. மறுபடி மாட்டி அதே காற்றில் நிறுத்தியபோது நடுக்கமே இல்லை. ஒரு வாரத்துக்குள் அந்தக் குண்டுகள் வேதநாயகத்தின் கண்டுபிடிப்பாகிவிட்டன. ஹெப்சிபா ஆச்சரியப்படவில்லை. அவரிடம் அதைவிட அதிகமாக அவள் எதிர்பார்த்ததும் இல்லை.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, கங்கைகொண்டானுக்கு அப்பால் கரிசல் பொட்டலில் கூட்டம் கூடியது. பஞ்சு வியாபாரி ஒருவர் காரைக் கொடுத்திருந்தார். வேதக்கோயில் சபை ஐயர் ஜெபம் பண்ண வந்திருந்தார். கச்சேரிக்காரர்கள் கைதட்ட வந்திருந்தார்கள். வேதநாயகம் கோட்டும் தொப்பியுமாக நின்றார்.

ஹெப்சிபா நேரே வாலுக்குப் போனாள். தட்டியின் பின்விளிம்பு நெடுக 'வேதநாயகம்' என்று முழ உயர எழுத்துகள், சிவப்பில்.

"இது எப்ப எழுதுனது?"

"நேத்து. மூணு பூச்சு. மேல போனாலும் பேரு தெரியணும்லா?"

"கழத்தி மறுபடியும் கீல் கம்பியத் தாங்க வச்சுப் பாருங்க அத்தான். பின்பக்கம் கனத்துட்டு."

"வர்ணத்துக்கு என்னளா கனம்?"

கச்சேரிக்காரர்கள் சிரித்தார்கள். எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் சற்றுத் தள்ளி அக்காள் சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டாள். ஐயரிடம் போனாள்.

"ஐயரே, முதல்ல ஒரு நெல்மூடைய ஏத்தச் சொல்லுங்க. அது பத்திரமா இறங்குச்சுன்னா, இந்தக் கூட்டத்துக்கு முன்னால அத்தான் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கேன்."

ஐயர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஹெப்சிபா தம் காலில் விழும் காட்சி வேதநாயகத்தின் கண்முன் வந்துவிட்டது. "ஏத்துங்கலே மூடைய!" என்றார்.

ரோட்டில் போன வண்டியை மறித்து ஒரு மூடையை வாங்கி, அவருடைய இடத்தில் கட்டினார்கள். தட்டியைத் திருப்பும் பிடியையும் கயிற்றால் கட்டினார்கள். கார் புழுதி கிளப்பி ஓடியது. விமானம் எழும்பியது, ஒரு பனை உயரம் போனது. கூட்டம் ஆரவாரித்தது. கார் வேகமெடுத்ததும் சிவப்பெழுத்து கலங்கியது. என்ன எழுதியிருக்கிறதென்றே தெரியாத அளவுக்குத் தட்டி அதிர்ந்தது. படபடவென்ற சத்தம் தரையில் நின்றவர்களுக்கே கேட்டது. வால் முறிந்து தனியே போக, விமானம் மூக்குக் குப்புற வந்து மோதியது. மூடை வெடித்து நெல் நாலாபக்கமும் சிதறியது.

 முதலில் பேசியவர் வேதநாயகம்.

"மூடைக்கு ஓட்டத் தெரியுமா? நானா இருந்தா பிடிய அழுத்திப் பிடிச்சிருப்பேன்."

ஹெப்சிபா பதிலுக்கு வாயெடுத்தாள். அதற்குள் சாரம்மாள் முன்னால் வந்தாள். இருபது வருஷத்தில் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"நீங்களா இருந்தா உங்க பேரக் கல்லறையில எழுதியிருப்போம். அதுல எத்தன பூச்சு வேணும்னாலும் பூசலாம்."

அவர் தொப்பியைக் கழற்றினார். 

திரும்பி வரும்போது வண்டிக்குள் சாரம்மாளின் கை தங்கையின் கையைப் பிடித்திருந்தது. சில்லிட்டுப் போயிருந்தது அந்தக் கை. ஹெப்சிபா அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். 

தச்சநல்லூர் தாண்டியதும் வேதநாயகம் தொண்டையைச் செருமினார். அடுத்ததற்கு இன்னும் கெட்டியான மூங்கில் வேண்டும் என்று ஆரம்பித்தார். பெண்கள் இருவரும் வண்டியின் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.