ஒப்பாரிக்குச் சொந்தக்காரி

மாலை ஐந்து மணிக்குள் படத்தை அனுப்பியாக வேண்டும். மணி மூன்றரை. கேஷிகாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. லயத்து வீட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக ஏழெட்டுத் தரம் நடந்துவிட்டாள். தேயிலைத் தோட்டத்தில் குளவி கொட்டிச் செத்தவர்களைப் பற்றித் தன் கைப்பேசியிலேயே அவள் எடுத்த பத்து நிமிடப் படம். மாணவர் போட்டியில் தேறினால் கொழும்பில் மூன்று மாதப் பயிற்சி. இதை நம்பித்தான், ஆடைத் தொழிற்சாலை வேலைக்குக் கூப்பிட்ட சித்தியிடம் முகத்தில் அடித்தாற்போல் மாட்டேன் என்றிருந்தாள்.

சனியன் பிடித்தது பாட்டில்தான். பின்னணிக்கு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு, கடைசியில் நன்றி என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். ஊடகப் பாடம் எடுக்கும் கஜேந்திரன் சேர் காலையில் பார்த்துவிட்டு, நன்றி சொன்னால் அனுமதி வாங்கியதாகிவிடாது, முப்பது செக்கன்தானே என்பதெல்லாம் சட்டத்தில் இல்லாத கதை, எடுத்துவிடு என்றார்.

அதை எடுத்துவிட்டு ஒரு ஒப்பாரியைப் போட்டாள். இரண்டு வருடத்துக்கு முன் குளவி கொட்டி அழகுமுத்து இறந்த அன்று, அவர் பெண்சாதி மீனம்மா பாடியது. சாவு வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஏதோ தோன்றிப் பதிவு செய்தது, முழுதாகப் பதினொரு நிமிடம். படத்துக்கு நாற்பது செக்கன் போதுமாக இருந்தது. ஒப்பாரி ஊர்ச் சொத்து, அதற்கு எவர் வந்து உரிமை கேட்கப் போகிறார்? சாவு வீட்டில் எல்லாரும் பாடுவதுதானே!

சேர் அதையும் விடவில்லை. இப்போது போனில் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த வரி எல்லாரும் பாடுறதா, அவங்களே கட்டினதா?"

வேறெங்கும் கேட்டதாக நினைவில்லை என்றாள். அப்படியானால் வரியும் குரலும் மீனம்மாவுடையவை, அனுமதிப் படிவத்தில் அவர் கையெழுத்து வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கேஷிகா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், மீனம்மா கொழுந்து பறிக்கும் ஏழாம் நம்பர் மலைக்கு ஓடினாள்.

மீனம்மா கொழுந்துச் சாக்கை முதுகிலிருந்து இறக்காமலே, கேஷிகா நீட்டிய இயர்போன் ஒயரைக் காதில் மாட்டிக் கேட்டாள். நாற்பது செக்கனும் முடிந்த பிறகு, அந்த வரியை மெதுவாக அவளே சொன்னாள்.

"காய்ச்சலுன்னு படுத்தவர, பேரு போயி சம்பளம் கொறஞ்சிருமுன்னு வேலைக்கு அனுப்பினேனே. குளவியா கொன்னுச்சு, நாந்தானே கொன்னேன்."

கேஷிகா இதை முப்பது தரமாவது கேட்டிருப்பாள். சத்தம் கூடவா குறையவா என்று பார்த்தாளே தவிர, என்ன சொல்கிறாள் என்று ஒரு தரம்கூடக் காதில் வாங்கவில்லை. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"அன்னைக்கு எல்லாரும் அழுதாங்க, யாரு காதுலயும் விழல. மாமியாளுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. அவருகிட்ட சொன்னது புள்ள அது. படத்துல வேணாம்."

கேஷிகா செடி ஓரத்திலேயே குந்தி, அந்த நாற்பது செக்கன் குரலை வெட்டி எறிந்தாள். படம் அந்த இடத்தில் ஊமையாக ஓடியது. ஓடட்டும். மணி நாலரை. இணையம் கிடைப்பது கோயில் மேட்டில் மட்டும்தான். இப்போதே ஓடினால் பதினைந்து நிமிடத்தில் ஏறி, ஐந்துக்குள் அனுப்பிவிடலாம். எழுந்தாள்.

"முழுசும் வச்சிருக்கியா?" என்று கேட்டாள் மீனம்மா.

அழித்துவிடுகிறேன் அக்கா என்று அவசரமாகச் சொன்னாள் கேஷிகா. மீனம்மா தன் மடியிலிருந்த பட்டன் போனை எடுத்துப் பார்த்தாள். அதில் அந்தப் பதிவு ஏறாது என்பது இருவருக்கும் தெரியும்.

"அப்ப முழுசா ஒரு தரம் போடு. பெறகு அழிச்சிரு."

பதினொரு நிமிடம். அக்கா, அனுப்பிவிட்டு ஓடி வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். மீனம்மா அதற்குள் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, ஒயரை மறுபடி மாட்டி, அதன்மேல் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கேஷிகா போட்டாள். மேட்டைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள், காலை மாற்றி மாற்றி நின்றாள். அழுகை அழுகையாக வந்தது.

நாலு நாற்பத்தொன்றுக்கு அது முடிந்தது. விழுந்தடித்து ஓடினால் இப்போதும் ஒருவேளை முடியும்.

"இன்னொரு தரம்" என்றாள் மீனம்மா, கண்ணைத் திறக்காமல்.

கேஷிகா போட்டாள்.