பட்டினி நாள் கிரீம்

என் ஓரகத்தியைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒளிச்சு மறைச்சு என்ன ஆகப் போகுது? நான் மூத்த மருமக. அண்ணன் தம்பி ரெண்டு பேர் நடத்துற கேக் கடையில கிரீம் என் பொறுப்பு, அடுப்பு அவ பொறுப்பு. ஆனா "அவளைப் பாரு, எப்படி வச்சிருக்கா உடம்பை!"ன்னு மாமியார் சொல்லாத நாள் கிடையாது.

ரெண்டு பேருக்கும் சர்க்கரை எட்டிப் பார்த்துச்சு. வாரத்துல ஒரு நாள் ராத்திரிலேருந்து மறுநாள் சாயங்காலம் வரைக்கும் தண்ணி மட்டும்தான்னு டாக்டரம்மா சொன்னாங்க. சாயங்காலம் போனா விரல்ல குத்தி, கொழுப்பு கரைஞ்சா ரத்தத்துல ஏறுற கீட்டோனைப் பார்ப்பாங்க. அவளுக்கு ஒவ்வொரு வாரமும் ஏறும். எனக்கு அசையவே அசையாது. ஒரே ஒரு தடவை அவளை முந்திட்டா போதும்னு தவியாத் தவிச்சேன்.

"மெஷின் கோளாறு"ன்னு எகிறினேன்.

டாக்டரம்மா சிரிச்சாங்க. "சாப்பிடலன்னா ஈரல்ல இருக்கிற சர்க்கரை முதல்ல செலவாகும். இன்சுலின் இறங்கும். அப்பதான் சேர்த்து வச்ச கொழுப்பு உடைஞ்சு ரத்தத்துல கலக்கும். உடம்பு அதை எரிச்சுக்கும். அதுல கொஞ்சத்தை ஈரல் கீட்டோனா மாத்தும். நடுவுல இனிப்பு உள்ள போனா இன்சுலின் திரும்ப ஏறி, கொழுப்பு வெளிய வர்றது நின்னுடும். ஆமா, பகல்ல என்ன வேலை?"

"கிரீம் அடிக்கிறேன்."

"ருசி பார்ப்பீங்களா?"

அட கடவுளே! கிண்ணத்துக்குக் கிண்ணம் விரலை விட்டு நக்குறது எனக்கு மூச்சு விடுற மாதிரி. அதைப் போய் யாராவது சாப்பாட்டுல சேர்ப்பாங்களா? பக்கத்துல நின்ன ஓரகத்தி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிச்சு.

அடுத்த பட்டினி நாள் வாயில துணியைக் கட்டிக்கிட்டேன். கல்யாண கேக்குக்கு ஒரு அண்டா கிரீம் அடிச்சும் ஒரு துளி தொடல. தலை கிர்ருன்னுச்சு, விடலையே! சாயங்காலம் குத்தினாங்க. எனக்கு ஏறிடுச்சு! அவளுக்கு ஒண்ணுமே இல்ல. "என்ன தின்னே?"ன்னு நர்ஸ் கேட்டதுக்கு, "என்னமோ தெரியல"ன்னு மழுப்பினா.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் மாமியார்கிட்ட சத்தமாச் சொன்னேன். "உங்க செல்ல மருமக இன்னிக்குத் திருட்டுத் தீனி!"

கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தான். "அண்ணி, கல்யாண கிரீம்ல நீங்க சர்க்கரைக்குப் பதிலா உப்பைக் கொட்டி வச்சிருந்தீங்க. நீங்க அந்தப் பக்கம் போனதும் இவதான் கண்டுபிடிச்சு, எல்லாத்தையும் கொட்டிட்டுப் புதுசா அடிச்சா. சரியா வர்ற வரைக்கும் ருசி பார்த்துக்கிட்டே இருந்தா. இல்லன்னா கல்யாண வீட்டுல நம்ம மானம் போயிருக்கும்."

அவளைச் சமையலறைக்கு இழுத்துட்டுப் போனேன்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்களே சரி பண்றேன்னு வாயில வைப்பீங்கக்கா. எத்தனை வாரமா ஏங்குறீங்க. ஒரு நாள் நீங்க ஜெயிச்சா என்ன குறைஞ்சிடப் போகுது எனக்கு?"

சொல்லிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போயிட்டா. இத்தனை நாள் அவ இடுப்பைப் பார்த்து வெந்துக்கிட்டிருந்தேன், அதையாவது பட்டினி கிடந்து எட்டிப் பிடிச்சிடலாம். சனியன், நல்லவளா வேற இருந்து தொலையறாளே!